சாய்ந்தமருதில் ஒரு வாய்மொழித் தேர்வு

கண்டக்டர் சீட்டுக் கம்பியைத் தட்டி என்னை எழுப்பினார். பஸ் நின்றிருந்தது. பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

"அம்மா, சாய்ந்தமருதுக்குத்தானே டிக்கட் எடுத்தீங்க? அது பின்னால போயிட்டு. நான் கத்தினன், நீங்க நல்ல நித்திர. இது கல்முனை. இறங்கி கிறுகிப் போங்க."

கிறுகிப் போவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் நாகர்கோவிலில் தலை கிறுகிறுத்தால் உட்காரத்தான் சொல்வார்கள். பையோடு இறங்கி நின்றபோது ஓர் ஆட்டோக்காரர் என் முழியைப் பார்த்துச் சிரித்தார். "கிறுகுறண்டா திரும்புற. இந்தியாவா நீங்க?"

"ஆமா."

"இஞ்ச ஓம் எண்டு சொல்லணும்."

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகவே கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் குறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு குளமோ வாழைத்தோட்டமோ வந்து எல்லை சொல்லும். இங்கே கடைக்கு அடுத்து கடை, பள்ளிவாசலுக்கு அடுத்து பள்ளிவாசல், அதற்குள்ளேயே ஊர் மாறிவிடுகிறது. விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் புடவைக் கடைகளைத் திறந்து சாரங்களை, அதாவது கைலிகளை, தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அபாயா உடுத்த பெண்கள் எங்களை முந்திப் போனார்கள்.

"ஆருட ஊடு?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஊடு என்றால் வீடு. அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

"அஸ்லம். சென்னையில படிச்சவர்."

"ஓ, பைக்கில விழுந்த சயன்டிஸ்ட்டா?" என்றார். அனுதாபத்தோடுதான் சொன்னார். இருந்தாலும் அந்தப் பெயர் மிச்ச வழி முழுக்க என்னோடு வந்தது.

அஸ்லம் என் ஆராய்ச்சி மாணவன். நான் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியை. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்து, நன்றியுரை மட்டும் பாக்கி என்ற நிலையில் பெருநாளுக்கு ஊருக்கு வந்தான். ரோட்டில் மாடு குறுக்கே பாய, பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடந்தான். உடம்பு தேறிவிட்டது. நடக்கிறான், பேசுகிறான், சிரிக்கிறான். ஆனால் விபத்துக்கு முந்தின ஓர் ஆண்டுக்கு மேல் நினைவில் இல்லை. அதன் பிறகு நடப்பது எதுவும் நிற்பதில்லை. தூங்கி எழுந்தால் முந்தின நாள் போய்விடும்.

அவனுடைய வாய்மொழித் தேர்வுக்கு நிறுவனம் கொடுத்த கடைசி நீட்டிப்பு முடியப்போகிறது. வீட்டிலிருந்தே இணையம் வழியாகத் தேர்வு நடத்தலாம் என்று அனுமதி வாங்கியிருந்தேன். அவனால் முடியுமா என்று நேரில் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்தேன்.

கேட்டைத் திறந்தது அவன்தான். சாரம், வெள்ளை பனியன். தழும்பை மறைக்க முடி வளர்த்திருந்தான்.

"மேடம்! எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா நான் வந்து கூட்டி வந்திரிப்பனே!"

அவனுக்குப் பின்னால் நின்ற அக்கா ஸரீனா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். நான் வருவதை அவன் எழுந்ததிலிருந்து பல முறை அவனிடம் சொல்லியிருந்தாளாம்.

காலைச் சாப்பாடு இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். சொதியை எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்துக்குத்தான் வைப்போம். இங்கே அது தினசரி. அஸ்லத்தின் உம்மா என் தட்டில் இடியாப்பத்தை அடுக்கிக்கொண்டே இருந்தார். போதும் என்றால், "பயணம் வந்த உடம்பு, தின்னுங்க மகள்" என்றார். என்னை மகள் என்று அழைக்க என் ஊரில் இப்போது யாரும் மிச்சமில்லை.

அஸ்லம் சென்னையைப் பற்றிப் பேசினான். மெஸ் சாம்பார், கிண்டி ரயில் நிலையம், முதல் வருடம் அவன் என்னோடு சண்டை போடக் காரணமான ஒரு சமன்பாடு. அந்தச் சமன்பாட்டை மேசையில் விரலால் எழுதிக் காட்டினான். ஒரு குறி கூடப் பிசகவில்லை. எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை துள்ளியது.

"கடைசி அத்தியாயத்த ஒரு தரம் பாத்தியா?" என்றேன்.

"எந்தக் கடைசி அத்தியாயம், மேடம்?"

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம். குவாண்டம் உலகில் ஒரு காந்தம் கூடும்போதெல்லாம் கணக்கு இரட்டிக்கும். சீக்கிரமே எந்தக் கணினியும் போதாமல் போகும். அதனால் குறுக்குவழி தேட வேண்டும். தரையில் பரப்பிய காந்தங்களை ஒரே சரமாகக் கோத்துக்கொண்டு கணக்குப் போடுவது அப்படி ஒரு வழி. எந்தப் பாதையில் கோப்பது என்பதைப் பொறுத்து விடை தெளிவாகவும் வரலாம், குப்பையாகவும் வரலாம். நல்ல பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அஸ்லம் கடைசி அத்தியாயத்தில் சொல்லியிருந்தான். முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். எத்தனையோ கட்டுரைகள், மாநாடுகள், கமிட்டிகள். அந்த அத்தியாயம் அளவுக்குச் சுத்தமான ஒன்றை நான் எழுதியதில்லை. ஓய்வு பெறும்போது கைகாட்டிச் சொல்ல ஒரு மாணவன் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

அந்த அத்தியாயத்தை எழுதியவன் என் எதிரில் உட்கார்ந்து, வேறு யாரோ எழுதியதைப் போல அதைப் புரட்டிப் பார்த்தான்.

மாலையில் ஸரீனா அடுக்களையில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வாப்பா இறந்த பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அவள்தான்.

"மிஸ், அவன் எழுதினதுதானே? களவெடுக்கல்லயே?"

"இல்ல. ஒவ்வொரு வரியும் அவன் எழுதினது."

"அப்ப ஒருக்கா இருந்து பதில் சொல்ல வைங்க. லேசான கேள்வியாக் கேக்கச் சொல்லுங்க." கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ரோட்டால போகக்குள்ள ஆக்கள் பைக்கில விழுந்தவன் எண்டு சொல்றாங்க. டொக்டர் அஸ்லம் எண்டு சொல்லட்டுமே மிஸ். அவன் மறந்தாலும் அவங்களுக்கு ஞாபகம் இரிக்கும்தானே."

தேர்வாளர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். இரக்கம் உள்ளவர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். முயற்சி செய்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை முற்றத்தில் பால் இல்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து வெளியே வந்த அஸ்லம் அப்படியே நின்றான்.

"மேடம்! எப்ப வந்தீங்க?"

அதே முகம், அதே சந்தோஷம். என் வாழ்க்கையில் யாரும் என்னைக் கண்டு இரண்டு நாள் தொடர்ந்து இவ்வளவு மகிழ்ந்ததில்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையை ஒதுக்கி ஒத்திகைத் தேர்வு வைத்தோம். முதல் அத்தியாயங்களில் பிரமாதமாகப் பதில் சொன்னான். நான் வேண்டுமென்றே போட்ட ஒரு குறுக்குக் கேள்வியைக் கண்டுபிடித்து, "மேடம், இது பொறி" என்று சிரித்தான். கடைசி அத்தியாயத்தை, நான் எடுத்துக் கொடுத்ததும், காலை முழுக்கப் படித்திருந்தான். கேள்வி கேட்டேன். தொடங்கினான். நன்றாகத்தான் போனது. நடுவழியில் கண்கள் எங்கேயோ நின்றன.

"மேடம், கேள்வி என்ன?"

திரும்பச் சொன்னேன். மறுபடி தொடங்கி அதே இடத்தில் நின்றான். கேள்வியை உடைத்துச் சிறிதாக்கினேன். அதையும் பாதியில் தொலைத்தான். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற ஸரீனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அஸ்லம் மடிக்கணினியை மெதுவாக மூடினான்.

மதியம் பெண்கள் மூவரும் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். சஹன் என்பது பெரிய தட்டு. அதில் சோறும் கறியும் வைத்து எல்லோரும் ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து உண்பார்கள். நான் பிறந்த வீட்டில் ஆளுக்கொரு தட்டு, அதிலும் பெயர் பொறித்திருக்கும். உம்மா பாரை மீனின் நல்ல துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

பொழுது சாயும் முன் அஸ்லம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். தோணிகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். கன்னியாகுமரியில் கடலுக்கு முதுகைக் காட்டி ஆயிரம் பேர் போட்டோ எடுப்பார்கள். இங்கே வலை உதறுகிறவர்களும் பந்து விளையாடுகிறவர்களும்தான். யாரும் கடலைப் படம் எடுக்கவில்லை.

"மேடம், நீங்க சொன்னா அவங்க பாஸ் போட்டிருவாங்க, என்ன?"

ஒரு தோணியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

"வேணா மேடம். அதச் செஞ்சவன் நான்தான். நம்புறன். ஆனா அதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏலா. பதில் சொல்ல ஏலாத பட்டம் எனக்கு என்னத்துக்கு? இரக்கத்துக்குத் தந்தது எண்டு நான் மறந்திருவன். உங்களுக்கு மறக்காதே."

வற்புறுத்திப் பார்த்தேன். வேலை உன்னுடையது, ஞாபகம் போனது உன் குற்றம் இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். முடியாது என்பதற்கு எங்கள் பக்கமும் ஏலாது என்ற சொல் உண்டு. அதை இவ்வளவு நிதானமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை எழுந்ததுமே ஸரீனா அவனுக்கு ஆய்வேட்டையும் தேர்வையும் பற்றிச் சொல்லியிருந்தாள். அவன் என்னைக் கண்டு மகிழ்ந்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "மேடம், என்ட வைவா எப்ப? நான் ரெடி."

ஸரீனா என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள். "அல்லாஹ்வுக்காகக் கேக்குறன் மிஸ். நேத்து அவன் சொன்னத நீங்க கேக்கல்ல எண்டு வைங்க. அவனுக்கே ஞாபகம் இல்ல. இப்ப ரெடி எண்டு சொல்றான்தானே?"

எந்த அஸ்லத்தின் பேச்சைக் கேட்பது? நேற்றைய அஸ்லம் யோசித்துத் தோற்று முடிவெடுத்தவன். இன்றைய அஸ்லம் குளித்துச் சட்டை மாற்றிக் காத்திருக்கிறான். ஸரீனாவின் கேள்வி நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தேர்வு அவனுடையது. முன் அறைக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்து, நேற்று நடந்ததை முழுவதும் சொன்னேன். ஒத்திகை, அவன் தடுமாறியது, கடற்கரை எல்லாவற்றையும்.

அவன் முகம் வெளுத்தது.

"வேணாண்டதுக்கு நான் என்ன காரணம் சொன்னன்?"

சொன்னேன். அவன் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கன்" என்றான். "அதத்தான் இப்பவும் சொல்லுவன், மேடம்."

அடுக்களையில் பாத்திரம் ஒன்று சத்தமாக விழுந்தது. ஸரீனா அழுதாள் என்று பிறகு உம்மா சொன்னார். தேர்வை விலக்கிக்கொள்வதாக நிறுவனத்துக்கு நான் அப்போதே தெரிவித்தேன். ஒரு ஆசிரியையாக நான் அனுப்பியதில் மிகச் சிறிய செய்தி அதுதான்.

அதன் பிறகு எங்கள் யாருக்கும் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. மாவடிப்பள்ளியில் அவர்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. போய்வரலாம் என்று அஸ்லமே சொன்னான். ஸரீனாவும் வர, ஆட்டோவில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். கச்சான் காற்று அடித்தது. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் கண்ணும் உதடும் காய்ந்துபோயின. காரைதீவுச் சந்தியில் திரும்பியதும் மாட்டு மந்தை ஒன்று ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார், இறங்கிக் கத்தினார், கடைசியில் இஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார்.

"இதுல ஒண்டுதான் என்னத் தள்ளினதாம்" என்றான் அஸ்லம். "எது எண்டு எனக்கும் தெரியா. அதுக்கும் தெரியா."

ஸரீனா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

வயல் பச்சையாக இருந்தது. வரம்புகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தன. ஸரீனா தண்ணீர் பாய்ந்ததா என்று பார்க்க மறுகோடிக்குப் போனாள். ஒரு மருத மர நிழலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"அந்தக் கடைசி அத்தியாயத்துல என்னதான் இரிக்கி, மேடம்? சும்மா சொல்லுங்க. தேர்வுதான் இல்லையே."

சொன்னேன். இனி அவனைச் சோதிக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கும் நாக்கு இளகியிருந்தது. இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு காந்தம், ஒரு கட்டத்தையும் விடாமல் எல்லாவற்றையும் ஒரே பாதையில் நடந்து முடிக்க வேண்டும், வரம்போடு வரிசையாகப் போய்த் திரும்பினால் பக்கத்துக் கட்டங்கள் கணக்கில் தூரமாகிவிடும், அதற்கு இந்த அத்தியாயம் இப்படி ஒரு பாதை சொல்கிறது என்று கையை நீட்டிக் காட்டினேன். அவன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் தொலைத்தால் நானே ஓர் அடி பின்னால் போய்த் தொடங்கினேன்.

"மேடம், இவர் தொடங்கக்குள்ளயே பாதைய முடிவு பண்ணிட்டாரு, ஏன்?"

"எவரு?"

"இத எழுதினவர்." குரலில் கேலி இல்லை. "கணக்கு ஓட ஓட எந்தக் காந்தம் எதோட ஒட்டும் எண்டது மாறும்தானே? அப்ப நடுவுல பாதையும் மாறணுமே?"

"மாத்தினா அதுவரைக்கும் போட்ட கணக்கு கெட்டுப்போகும்" என்றேன். நான் மட்டுமல்ல, யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"முழுக்க மாத்தினா கெடும். பக்கத்துல இரிக்கிற ரெண்ட மட்டும் இடம் மாத்தினா கொஞ்சம்தானே கெடும்? கெடுற அளவையும் கூடவே கணக்குப் பாத்துட்டுப் போகலாமே?"

அந்த அத்தியாயத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த ஓட்டை என் கண்ணில் படவில்லை. எழுதிய நாளில் அவன் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பிறகு மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும் வரை நாங்கள் பழைய நாட்களைப் போலச் சண்டை போட்டோம். நான் மறுத்தேன், அவன் மடக்கினான். இடையிடையே கேள்வியைத் தொலைத்தான். நான் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் பார்த்துவிட்டு வந்த ஸரீனா சற்றுத் தள்ளி நின்று, குறுக்கே வராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் பையோடு கேட்டருகே நின்றபோது அவன் எழுந்து வந்தான்.

"மேடம்! எப்ப வந்தீங்க?"

"கிளம்பிட்டேன், அஸ்லம்."

அவனைப் பொறுத்தவரை நான் வந்ததும் போவதும் ஒரே நிமிடத்தில் நடந்தது. சந்தோஷமும் ஏமாற்றமும் அவன் முகத்தில் ஒன்றாக வந்தன. உம்மா ஒரு டப்பாவில் வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொடுத்து என் தலையில் கை வைத்து துஆ செய்தார். அஸ்லமும் ஸரீனாவும் மெயின் ரோடு வரை என்னோடு நடந்தார்கள்.

பஸ் வரவில்லை. "இப்ப என்ன வேல செய்றீங்க மேடம்?" என்று கேட்டான். துறையில் இருப்பவர்கள் சந்தித்தால் கேட்கிற கேள்விதான்.

"ஒரு கேள்வி கிடைச்சிருக்கு" என்று தொடங்கி, முந்தின நாள் மருத மரத்தடியில் அவன் கேட்டதைச் சொன்னேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். விரல்கள் தொடையில் ஏதோ எழுதின. கண் பளிச்சென்றது.

"நல்ல கேள்வி, மேடம். யாரு கேட்டது?"

ஸரீனா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தின நாள் காலையில் உண்மை சொன்னபோது அந்த முகம் வெளுத்ததைப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் என்னால் முடியவில்லை.

"இந்த ஊர்ல ஒருத்தர்" என்றேன்.

"எங்கட ஊர்லயா? மாஷா அல்லாஹ்!" உண்மையாகவே பெருமைப்பட்டான். "அவர விட்டிராதீங்க மேடம். அப்பிடி ஒரு ஆள் கிடைக்கிறது லேசில்ல."

"விடமாட்டேன்" என்றேன்.

கல்முனைப் பக்கமிருந்து பஸ் வந்தது. அவன் ரோட்டில் ஓர் அடி இறங்கி, கையை நீட்டி அதை நிறுத்தினான்.